பச்சைக்கிளை சென்டிரியான் பெர்ஹாட்

“அப்பா, கிளை ஒரு பெரிய கார் மேல விழுந்துட்டா, நம்ம வீட்டையும் எடுத்துக்குவாங்களா?”

மாதவி இப்படிக் கேட்டபோது அவளுக்கு வயது எட்டு. பள்ளி விடுமுறை. அப்பாவின் லோரியில் முன்னிருக்கையில் உட்கார்ந்து, மைலோ பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். அதற்கு முந்தின வாரம், கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில், அவள் அப்பா கன்னையா அறுத்த மரக்கிளை ஒன்று கயிற்றை விட்டு நழுவி, கீழே நின்றிருந்த பழைய காரின் கூரையை அப்பளமாக்கியிருந்தது. கார்க்காரர் நல்ல மனிதர். கத்தவில்லை. பட்டறைக்காரன் சொன்ன தொகையை மட்டும் கேட்டார். அதைக் கொடுக்க மாதவியின் அம்மா சீதாலெட்சுமியின் கையிலிருந்து இரண்டு வளையல்கள் கழன்றன. வெறுங்கையோடு அம்மா சோறு பிசைந்து ஊட்டியதைக் குழந்தை பார்த்திருந்தது.

கன்னையா இருபத்தைந்து வருஷமாக மரம் ஏறுகிறவர். அறுபது அடி உயரத்தில் காற்று அடிக்கும்போதுகூட அவர் கவனம் சிதறியதில்லை. அன்று பச்சை விளக்கு விழுந்தும் லோரியை எடுக்க மறந்தார்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. பேசாம வா.”

அது உண்மையில்லை என்று அவருக்குத் தெரியும். தொழில் அவர் பெயரில் பதிவாகியிருந்தது. கன்னையா என்டர்பிரைஸ் என்றால் அது கன்னையாதான். நடுவில் ஒரு தடுப்பும் கிடையாது. தொழிலுக்கு வரும் வழக்கும் நஷ்டமும் நேராக வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றும். கேரி தீவு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கிள்ளானில் சொந்தமாக ஒரு வீடு வாங்கிய முதல் ஆள் அவர். அந்த வீட்டை நினைத்துக்கொண்டேதான் அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டினார்.

மூன்று வருஷம் போயிற்று. போன ஜூலை மாதத் தொடக்கத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோ அடுக்குமாடி வளாகத்தில் சாய்ந்த மரம் ஒன்றை வெட்டப் போயிருந்தார். வெட்டுவதற்கு முன் கிளைகளுக்கிடையே குருவிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். வெட்டி முடித்தபின் தெருவைத் தானே கூட்டிவிட்டுத்தான் கிளம்புவார். மேல்மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கொண்டோ மேனேஜர் அம்மாள் இறங்கி வந்தார். வளாகத்தில் அறுபத்திரண்டு மரங்கள் இருப்பதாகவும், இரண்டு வருஷத்துக்கு அவற்றைப் பராமரிக்க ஆள் தேடுவதாகவும் மலாயில் சொன்னார்.

“உங்களுக்கே தரலாம்னு ஆசை. ஆனா கமிட்டி, சென்டிரியான் பெர்ஹாட்டா, பதிவு பண்ண பிரைவேட் லிமிடெட் கம்பெனியா இருந்தாத்தான் ஒப்பந்தம்னு முடிவு பண்ணியிருக்கு. உங்ககிட்ட கம்பெனி இருக்கா?”

“இல்ல மேடம். வெச்சுடறேன்,” என்றார் கன்னையா. எப்படி வைப்பது என்று அவருக்குத் தெரியாது.

அந்த அம்மாள் நாட்காட்டியைப் பார்த்தார். “ஜூலை பதினஞ்சு கமிட்டி கூட்டம். அதுக்குள்ள கம்பெனிக்கு ஒரு பேராவது உறுதி பண்ணிக் கொடுங்க, அந்தப் பேருக்கு ஒப்புதல் வாங்கிடறேன். பதிவுப் பத்திரம் ஆகஸ்டு இருபத்தஞ்சுக்குள்ள வேணும். விட்டுட்டா அடுத்த கூட்டம் அக்டோபர்ல. அதுவரைக்கும் கமிட்டி காத்திருக்காது.”

மறுநாளே கன்னையாவும் சீதாலெட்சுமியும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, கம்பெனிகளைப் பதிவு செய்து தரும் ஒரு செயலாளரின் அலுவலகத்துக்குப் படியேறினார்கள். செயலாளர் இராமலிங்கம் அறுபதை நெருங்கியவர். நெற்றியில் விபூதி, மூக்கின் நுனியில் கண்ணாடி. அவரிடம் வேலை பார்த்த ஃபர்ஹானாவுக்கு இருபத்தேழு வயதிருக்கும். சாலாக் செலாத்தானில் பிறந்து வளர்ந்த பெண். வந்தவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, தண்ணீர் வைத்துவிட்டுத்தான் கணினியைத் திறந்தாள்.

“அண்ணே, கம்பெனிங்கிறது சட்டத்துக்கு ஒரு தனி ஆளு,” என்று ஆரம்பித்தாள். “உங்கள மாதிரியே அதுக்கு ஒரு பேரு, ஒரு நம்பரு, ஒரு விலாசம். வேலைய எடுக்கிறது அது. கடன் வாங்குறது அது. வழக்கு வந்தா கோர்ட்ல நிக்கிறதும் அது. நீங்க அதுல பங்கு வெச்சிருக்கிறவரு. பங்குக்குப் போட்ட காசோட உங்க பொறுப்பு முடிஞ்சுது.”

“அப்ப வீடு?”

“வீடு உங்களுது. கம்பெனியோடது இல்ல.”

“இன்னொரு தடவ சொல்லும்மா.”

அவள் சிரிக்காமல் இன்னொரு தடவை சொன்னாள். இராமலிங்கம் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“ஒரு நிமிஷம் கன்னையா. அத முழுசாக் கேட்டுக்குங்க. பேங்க்ல கம்பெனிக்கு லோன் எடுக்கிறப்ப நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டா, அப்ப வீட்டுக்கு வருவாங்க. நீங்களே கவனமில்லாம ஒருத்தர் மேல கிளையப் போட்டாலும் உங்க மேல கேஸ் வரலாம். ஏமாத்துனா சொல்லவே வேணாம். கம்பெனி நல்லவனுக்குப் பாதுகாப்பு, பொய்க்காரனுக்கு ஒளியறதுக்கு எடம் இல்ல. இன்ஷூரன்ஸும் சேத்து எடுத்துக்குங்க.”

கன்னையா இடுப்பைத் தொட்டுக் காட்டினார். “புரியுதுங்க சார். மரத்துல நிக்கிறப்ப எங்களுக்கு ரெண்டு கயிறு. ஒண்ணு ஏறுறதுக்கு. இன்னொண்ணு இடுப்பையும் மரத்தையும் சேத்து. ரெண்டாவது கயிறு இருக்குதுன்னு மொதக் கயித்த யாரும் லூசா கட்டமாட்டோம்.”

இராமலிங்கம் ஃபர்ஹானாவைப் பார்த்தார். “எழுதி வெச்சுக்கம்மா. அடுத்த கஸ்டமருக்கு நான் சொன்ன மாதிரி சொல்லிடறேன்.”

பிறகு வேலை நடந்தது. ஒரே ஆள்கூட இயக்குநராக இருந்து கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று ஃபர்ஹானா சொன்னாள். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், இந்த நாட்டில் குடியிருக்க வேண்டும், திவாலானவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கன்னையா மனைவியின் பக்கம் திரும்பினார்.

“இவங்களும் இருக்கணும். பங்கு பாதிப் பாதி.”

“எனக்கு எதுக்கு?” என்றாள் சீதாலெட்சுமி. “எனக்கு மரம் ஏறத் தெரியாது.”

“கணக்கு யாரு பாக்குறா? ஆளுங்களுக்கு யாரு சோறு கட்டுறா? அந்த வளையல் யாருது?”

தொழில் என்று கேட்கும் இடத்திலெல்லாம் இருபது வருஷமாக இல்லத்தரசி என்றே எழுதி வந்த சீதாலெட்சுமி, ஃபர்ஹானா தட்டிய ‘இயக்குநர்’ என்ற வார்த்தையைத் திரையில் குனிந்து பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், யாரோ படம் பிடிக்கப்போவதுபோல.

“அப்ப யாரு பாஸு?” என்று கேட்டார் கன்னையா.

“அது வீட்டுல ஏற்கெனவே முடிவாயிருக்கும் அண்ணே,” என்றாள் ஃபர்ஹானா.

பெயருக்கு மாதவி பள்ளி நோட்டுத் தாளில் மூன்று எழுதிக் கொடுத்திருந்தாள். முதலில் இருந்தது பச்சைக்கிளை. அதற்கே மனுப் போட்டார்கள். கம்பெனியின் பதிவு அலுவலகமாக இராமலிங்கத்தின் விலாசத்தையே கொடுக்கலாம் என்றும், கம்பெனிப் பெயரையும் எண்ணையும் அந்த வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம் என்றும் தெரிந்தபோது, கன்னையா வெளியே போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். நாற்பது ஐம்பது பெயர்ப்பலகைகள் வரிசையாக இருந்தன. கீழ் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மாதவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “அன்னிக்கு லோரில ஒண்ணு கேட்டியே. வீட்ட எடுத்துக்குவாங்களான்னு. எடுத்துக்கமாட்டாங்க. இனிமே எல்லாம் சட்டப்படி.”

மாதவிக்கு இப்போது பதினொரு வயது. புருவத்தைச் சுருக்கினாள். “நானா கேட்டேன்? எப்பப்பா?”

மூன்று வருஷம் அவர் சுமந்த கேள்வியை, கேட்டவள் அன்றே இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தாள். கன்னையாவுக்குச் சிரிப்பு வந்தது.

ஜூலை பதினான்காம் தேதி திங்கட்கிழமை பெயர் கிடைத்துவிட்டது. மறுநாள் கொண்டோ கமிட்டி அந்தப் பெயரையே குறிப்பில் எழுதி ஒப்புதல் கொடுத்தது. ஃபர்ஹானா போனில் தெளிவாகச் சொன்னாள்: “அண்ணே, பேரு முப்பது நாளைக்குத்தான் நமக்கு. அதுக்குள்ள நீங்களும் அக்காவும் வந்து கையெழுத்துப் போட்டுட்டா, ரெண்டு மூணு நாள்ல கம்பெனி பொறந்துடும்.”

“வந்துடறோம்மா.”

ஆனால் வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றாள் சீதாலெட்சுமி. புதன்கிழமை கன்னையாவுக்குக் காஜாங்கில் வேலை. அதன்பின் ஆடி. ஆடியில் புது வீடு போகமாட்டார்கள், பெண் பார்க்கமாட்டார்கள், புது லோரிகூட எடுக்கமாட்டார்கள். பிள்ளை மாதிரி ஒரு கம்பெனியை ஆடியிலா பெற்றெடுப்பது?

கன்னையா சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார். பெயருக்கு முப்பது நாள். ஆடிக்கும் முப்பது நாள். இரண்டும் ஒன்றாக முடியும். ஆவணி பிறந்ததும் முதல் வேலையாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம். அந்த வருஷம் ஆடிக்கு முப்பத்தொரு நாள் என்பதும், பெயரின் முப்பது நாள் ஆனியிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது என்பதும் அவர் கணக்கில் வரவில்லை. இங்கிலீஷ் தேதியைத் தமிழ் மாதத்தால் அளந்தார்.

ஆடி மூன்றாம் வெள்ளி கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கன்னையா வாளியும் கரண்டியுமாக நின்றபோது, காஜாங்கிலிருந்து வந்திருந்த திருச்செல்வம் வரிசையில் வந்து பாத்திரத்தை நீட்டினார். அவரும் மரம் வெட்டுகிறவர்தான். இருபது வருஷப் பழக்கம், இருபது வருஷப் போட்டி.

“என்னா டைரக்டர், கூழு ஊத்துறீங்க? கோட்டு எங்க?”

“தொவைக்கப் போட்டிருக்கு லா.”

“கம்பெனி வெச்சா மரம் தானா வந்து விழுந்துடுமா?”

“விழாது. ஆனா விழுந்தா என் வீட்டு மேல விழாது. நீயும் ஒண்ணு வெய்யி. வெங்காயம் வேணுமா?”

திருச்செல்வம் வெங்காயத்தை இரண்டு தரம் வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் ஃபர்ஹானா மூன்று தடவை அழைத்தாள். முதல் இரண்டு தடவையும் கன்னையா மரத்தின் மேல் இருந்தார். போன் லோரியில் கிடந்தது. மூன்றாம் தடவை போன் கையில்தான் இருந்தது. திரையில் பெயரைப் பார்த்தார். ஆடியில் அவசரப்படுத்துவாள், அந்தப் பிள்ளையிடம் மறுத்துப் பேச வேண்டியிருக்கும், இன்னும் அஞ்சு நாள்தானே என்று எண்ணி எடுக்காமல் விட்டார். அப்புறம் அதை மறந்தும் போனார்.

ஆவணி பிறந்த மறுநாள், திங்கட்கிழமை, தம்பதி இருவரும் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு படியேறினார்கள். சீதாலெட்சுமி பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள். ஃபர்ஹானாவின் நாற்காலி காலியாக இருந்தது.

“அம்மாவுக்கு ஆபரேஷன். ரெண்டு வாரம் லீவு,” என்றார் இராமலிங்கம். கோப்பைத் திறந்தவர் ஒரு தேதியில் விரலை வைத்து நிறுத்தினார். “கன்னையா, உங்க பேரு ஆகஸ்டு பன்னண்டோட முடிஞ்சுபோச்சே. இன்னிக்குப் பதினெட்டு.”

“முப்பது நாளுன்னாங்களே சார்.”

“ஜூலை பதினாலுலேர்ந்து முப்பது நாளு.”

கன்னையா விரல்விட்டு எண்ணினார். எண்ணும்போதே முகம் மாறிற்று. “ஆடி நேத்து முந்தினநாளுதானே சார் முடிஞ்சுது?”

“ஆடிக்கும் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லப்பா.” இராமலிங்கம் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். “பேரு கைவிட்டுப் போயிட்டா வேற யாரும் எடுத்துக்கலாம். எடுத்திருந்தா வேற பேருதான். அந்தக் கமிட்டி வேற பேர ஏத்துக்காதே?”

ஏற்காது. அடுத்த கூட்டம் அக்டோபரில். இரண்டு வருஷ வேலை, அறுபத்திரண்டு மரம், மாதவி வைத்த பெயர், எல்லாம் ஓர் எடுக்காத போனில் போய்விட்டது. சீதாலெட்சுமி வாழைப்பழச் சீப்பை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

“நான்தான் ஆடி ஆடின்னு...” என்றாள்.

“நீ இல்ல,” என்றார் கன்னையா. “அந்தப் பிள்ள கூப்பிட்டுச்சு. நான்தான் எடுக்கல. வேணும்னேதான் எடுக்கல.” இதை அவர் இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னார். தன் தப்பைச் சத்தமாகச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். மரம் ஏறுகிற தைரியம் அதற்குப் போதாது.

இராமலிங்கம் கணினிப் பக்கம் திரும்பினார். தட்டினார். நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பேரு இருக்கே.”

“என்னங்க சார்?”

“செப்டம்பர் வரைக்கும் நீட்டியிருக்கு. நீட்டினது ஆகஸ்டு பன்னண்டாந் தேதி, சாயங்காலம் ஆறே காலுக்கு.” எழுந்து போய் ஃபர்ஹானாவின் மேசைத் தட்டைத் துழாவினார். ஒரு ரசீது வந்தது. பெயரை இன்னும் முப்பது நாள் வைத்திருக்கக் கட்டணம், மலேசிய வெள்ளி ஐம்பது. பணம் போனது அலுவலகக் கணக்கிலிருந்து இல்லை; ஃபர்ஹானாவின் சொந்த அட்டையிலிருந்து. ரசீதின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வார்த்தை எழுதியிருந்தாள்: ஆடி முடியட்டும்.

கீழே பூக்கடையில் யாரோ மல்லிகைக்குப் பேரம் பேசுவது கேட்டது.

“கஸ்டமர் சொல்லாம அவங்களுக்காகக் கைக்காசு போடக் கூடாதுன்னு இங்க ரூல் வெச்சிருக்கேன்,” என்றார் இராமலிங்கம். “அத மீறிட்டா. திட்டணும்.” ரசீதைக் கோப்பில் கவனமாக வைத்தார். “திட்டுறேன், லீவு முடிஞ்சு வரட்டும்.”

அம்மன் காப்பாத்திட்டா என்று சீதாலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கன்னையாவும் அப்படித்தான் நினைத்தார். தெய்வம் தன் வேலைக்கு யார் கையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், ஆபரேஷனுக்குத் தயாராக இருந்த தாயை வீட்டில் வைத்துக்கொண்டு, ஆடி கொண்டாடாத ஒரு பெண், அடுத்தவர் நம்பிக்கைக்காக ஆறே கால் வரை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

கையெழுத்துப் போட்டார்கள். இயக்குநராக இருக்கச் சம்மதம் என்றும், தடை எதுவும் தங்கள் மேல் இல்லை என்றும் இருவரும் உறுதிமொழி கொடுத்தார்கள். பதிவுக் கட்டணம் ஆயிரம் வெள்ளி கட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு பச்சைக்கிளை சென்டிரியான் பெர்ஹாட் பிறந்தது. பதிவு அறிவிப்பை மாதவி கூடத்தில் நின்று சத்தமாக வாசித்தாள். மலாயில் இருந்த பகுதியையும் இங்கிலீஷில் இருந்த பகுதியையும் வாசித்து, கேட்காமலேயே தமிழில் விளக்கமும் சொன்னாள். வாசித்து முடித்ததும் “பேரு நான் வெச்சது” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

அன்றே பத்திரத்தைக் கொண்டோவில் கொடுத்தார். அந்த மேனேஜர் அம்மாள் எழுந்து நின்று கை குலுக்கி, “வாங்க, இயக்குநர்,” என்றார். வயல் தண்ணீரில் முகம் பார்த்ததுபோல் அந்தச் சொல் கன்னையாவுக்குள் அசைந்து அசைந்து நின்றது. இத்தனை வருஷமாக ‘ஏய் பொக்கோக்’ என்று, மலாயில் ‘ஏய் மரம்’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு. அவர் அதற்கும் திரும்பிப் பார்த்தவர்தான்.

சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் படியேறி, சுவரின் கீழ் வரிசையில் காலியாக இருந்த இடத்தில் தானே திருகாணி முறுக்கிப் பலகையை மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார். கீழே போனவர், பூக்கடைக்காரரிடம் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு மறுபடி ஏறி வந்து பலகைக்குச் சூட்டினார். இராமலிங்கம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். மற்ற ஐம்பது கம்பெனியில் எதற்கும் பூ இல்லை.

அங்கிருந்தே ஃபர்ஹானாவுக்குப் போன் போட்டார்.

“அம்மா எப்படிம்மா இருக்காங்க?”

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது அண்ணே. நாளைக்கு முழுக்க ஆஸ்பத்திரிலதான். கம்பெனி வந்துருச்சாமே, சார் சொன்னாரு.”

“வந்துருச்சு. நீ கூப்பிட்டப்ப நான் வேணும்னேதான் எடுக்கலம்மா. மன்னிச்சுக்க. அந்த அம்பது வெள்ளிய எங்க அனுப்பறது?”

“அதெல்லாம் வேணாம்ண்ணே. புது வீட்டுக்குப் போனா மொய் எழுதமாட்டோமா? அப்படி வெச்சுக்குங்க. உங்க கம்பெனிக்கு என்னோட மொய்.”

“அதுக்கில்லம்மா...”

“மொய்யத் திருப்பிக் கொடுத்தா எங்க வீட்லயும் தப்பாத்தான் எடுத்துக்குவோம்.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

கன்னையாவால் அதை அப்படியே விட முடியவில்லை. மொய் என்பது வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிற பணம் இல்லை. எழுதியவர் வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது, பதிலுக்குப் போய்ச் செய்தாக வேண்டும். அதுவரை அது நோட்டில் மட்டுமில்லை, நெஞ்சிலும் நிற்கும். இந்தப் பிள்ளை வீட்டு விசேஷம் எப்போது வருமோ. வந்தாலும் ஐம்பதும் நூறும் வைத்தால் தீருகிற கணக்கா இது?

மறுநாள் சனிக்கிழமை செராஸில் ஒரு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. தெரிந்துகொண்ட இராமலிங்கம், ஃபர்ஹானாவின் சம்பளக் காகிதம் இருந்த உறையைக் கொடுத்து, போகிற வழியில் சாலாக் செலாத்தானில் அவள் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிடச் சொல்லியிருந்தார். கன்னையா தனியாகத்தான் போனார். ஆட்கள் செராஸுக்கு நேராக வந்துவிடுவார்கள்.

சந்தில் வரிசை வீடுகளின் கடைசியில் மஞ்சள் கேட். பூட்டியிருந்தது. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். காலை ஏழு மணி, சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. உறையைப் பெட்டியில் போட்டார். சட்டைப்பையிலிருந்த ஐம்பது வெள்ளித் தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டார். அது அவளை அவமதிக்கும்.

திரும்பும்போது பழக்கத்தில் மேலே பார்த்தார்.

வேலிக்கு உள்ளே ரம்புத்தான் மரம் ஒன்று நின்றது. அதன் பட்டுப்போன கிளை ஒன்று போன புயல் மழையில் முறிந்து, வேலிக்கு வெளியே நீண்டு, கேட்டுக்கு நேர்மேலே இன்னொரு கிளையில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. தொடை பருமன். அடியில் நிற்கிறவர்களுக்கு இலை மறைத்துத் தெரியாது. தெரிந்தவன் கண்ணுக்குத்தான் தெரியும். இன்னொரு காற்று போதும். தினமும் காலையில் கேட்டைத் திறக்க ஒருத்தி நிற்கிற இடம் அது. ஆபரேஷன் முடிந்த தாயை இறக்க நாளைக்கோ மறுநாளோ கார் வந்து நிற்கப்போகிற இடமும் அதுதான்.

கன்னையா லோரிக்குப் போனார். மிஷின் ரம்பத்தை எடுக்கவில்லை. அது தெருவையே எழுப்பிவிடும். ஏணியைச் சந்துப் பக்கமாகச் சாய்த்தார். கைரம்பத்தை இடுப்பில் செருகினார். முதல் கயிற்றைக் கட்டினார், இரண்டாவதையும் கட்டினார். கூடு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. தொங்கும் கிளைக்கு இரண்டு இடத்தில் கயிறு போட்டு, மேலே தடித்த கிளையில் சுற்றி, வேலிக்கு வெளியே இருந்த பகுதியை மட்டும் நிதானமாக அறுத்தார். அது பிரிந்ததும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் கிளை தரைக்கு வந்தது. கேட்டின் மேல் ஒரு கீறலும் விழவில்லை.

கிளையைத் துண்டுபோட்டு லோரியில் ஏற்றினார். விளக்குமாற்றை எடுத்து, மரத்தூள், இலை, காய்ந்த சுள்ளி எல்லாவற்றையும் கூட்டி அள்ளினார். கேட்டின் கம்பிமேல் ஒட்டியிருந்த தூளைத் துண்டால் துடைத்தார். பச்சைக்கிளை சென்டிரியான் பெர்ஹாட் பார்த்த முதல் வேலை அது. அதற்கு ரசீது இல்லை, படம் இல்லை.

சந்து முன்பு இருந்ததுபோலவே இருந்தது. கேட்டுக்கு மேலே மட்டும் கொஞ்சம் வானம் அதிகமாகத் தெரிந்தது. கன்னையா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, லோரியை ஸ்டார்ட் செய்து, சத்தம் அதிகம் வராமல் மெதுவாக வெளியே எடுத்தார்.